கம்பி கடிக்குது தாத்தா... சீரியல் செட் மாட்டும் முன் பல்பைப் பார்க்காதீங்க, வயரைப் பாருங்க!

போன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் சாயங்காலம். காலையிலிருந்தே நசநசவென்று தூறல். பால்கனியில் அகல் ஏற்ற முடியாது என்று அம்மா விளக்குகளை எல்லாம் ஹாலுக்குள்ளேயே வைத்துவிட்டார். வெளியே இருட்டாக இருக்கிறதே என்று அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, தெருவோரக் கடையில் 120 ரூபாய்க்கு வாங்கி வந்த எல்.இ.டி சீரியல் செட்டை பால்கனி கிரில் முழுக்கச் சுற்றி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும் என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து, மழையை வேடிக்கை பார்க்கப் போன அக்கா பையன் ஓடி வந்தான். ஆறு வயசு. அழவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. "தாத்தா, கம்பி கடிக்குது" என்றான்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. எறும்பு ஏதாவது கடித்திருக்கும் என்று அக்கா அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாதான் சட்டென்று போய் பிளக்கைப் பிடுங்கினார். டெஸ்டரை எடுத்து வந்து, மறுபடி பிளக்கைச் சொருகி கிரில்லில் வைத்தால், டெஸ்டர் எரிகிறது. கிரில் கதவை மூடும்போது வயர் நசுங்கி, உள்ளே இருந்த செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பையன் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை சில்லிடுகிறது.

"எல்.இ.டி தானேம்மா... இதுல என்ன கரன்ட் இருந்துடப்போகுது?" அன்றைக்கு ராத்திரி அப்பா கேட்ட கேள்வி இது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பல்புக்கு 3 வோல்ட்... வயருக்கு 230!

முதலில் ஒரு ஃப்ளாஷ்பேக். 90-களில் சீரியல் செட் என்பது பல வீடுகளில் அண்ணன்களும் மாமாக்களும் உட்கார்ந்து கையால் செய்த பொருள். கணக்கு ரொம்ப சிம்பிள். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். குட்டி பல்பு தாங்குவது 6 வோல்ட். 230-ஐ 6-ஆல் வகுத்தால் 38 சொச்சம். ஆக, சுமார் 40 பல்புகளை ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையில் முடிச்சுப் போட்டு, வரிசையாகக் கோத்துவிட்டால் ஒவ்வொரு பல்புக்கும் ஆளுக்குக் கொஞ்சம் வோல்ட் பங்கு போய்விடும். ஒரு பல்பு ஃபியூஸ் ஆனால் மொத்த வரிசையும் அவுட். அந்த ஒற்றைத் துரோகியைத் தேடுவதிலேயே பண்டிகை முடிந்துவிடும்.

இன்றைக்குக் கடையில் விற்கும் சாதாரண எல்.இ.டி சீரியல் செட்டிலும் நடப்பது கிட்டத்தட்ட அதேதான். சிவப்பு, மஞ்சள் எல்.இ.டி-க்கு சுமார் 2 வோல்ட் போதும். நீலம், பச்சை, வெள்ளைக்கு சுமார் 3 வோல்ட். அவற்றை வரிசையாகக் கோத்து, நடுவில் ஒரு பட்டன் வைத்த பிளாஸ்டிக் டப்பாவைப் பொருத்தி நேரே 230 வோல்ட்டில் சொருகிவிடுகிறார்கள். அந்த டப்பா ஏதோ கரன்ட்டைக் குறைத்து அனுப்புகிறது என்று நம்மில் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. அது பல்புகளை ஓட விடுவது, மின்ன விடுவது, மெல்ல மங்க விடுவது என்று எட்டு விதமாக ஆட்டிவைக்கும் வேலையை மட்டும்தான் செய்கிறது. வயரில் போவது வீட்டு கரன்ட்டேதான்.

"ஒரு பல்புக்கு 3 வோல்ட்தானே, அதைத் தொட்டா என்ன?" என்று கேட்கலாம். 3 வோல்ட் என்பது ஒரு பல்பின் இரண்டு கால்களுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம். நீங்கள் தரையில் நின்றுகொண்டு அதில் ஒரு காலைத் தொட்டால், உங்களுக்கும் தரைக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் 3 அல்ல. வரிசையில் அந்த பல்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது 200-க்கு மேல்கூட இருக்கும். பல்பு பிய்ந்து வந்து வரிசை அறுந்திருந்தாலோ, பேஸ் பக்கத்து முனையில் முழு 230-ம் அப்படியே காத்துக்கொண்டு நிற்கும். எரியாத செட்டுதானே என்று அசட்டையாகக் கை வைக்கிறோமே, அங்கேதான் ஆபத்து அதிகம்.

மறுநாள் வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் இதை ஒரே வரியில் சொன்னார்: "பல்பு மாறிடுச்சு தம்பி... வயர் மாறல." (அப்பாவைத்தான் தம்பி என்றார். அவருக்கு 70 வயசு இருக்கும்.)

மெயின் போர்டில் எம்.சி.பி இருக்கிறதே, அது ஏன் டிரிப் ஆகவில்லை என்று நானும் கேட்டேன். எம்.சி.பி-யின் வேலை வயரைக் காப்பாற்றுவது. 6 ஆம்ப், 10 ஆம்ப், 16 ஆம்ப் என்று அதற்கு ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால்தான் விழும். மனுஷனைக் கொல்வதற்கு அவ்வளவு எல்லாம் தேவையில்லை, ஆம்பில் மிகச்சிறிய ஒரு பங்கு போதும். ஆளைக் காப்பாற்றுவதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. போகிற கரன்ட்டும் திரும்பி வருகிற கரன்ட்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் போடுகிற ஆர்.சி.சி.பி பொதுவாக 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே விழுந்துவிடும். பழைய வீடுகள் பலவற்றில் இது கிடையாது. எங்கள் வீட்டிலும் அப்போது இல்லை. உங்கள் மெயின் போர்டைத் திறந்து பாருங்க. 'டி' என்ற எழுத்தோ, 'டெஸ்ட்' என்றோ போட்ட குட்டி பட்டன் ஒன்று ஒரு பிரேக்கரில் இருந்தால், உங்களுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அந்த பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கணும். டப்பென்று விழுந்தால் நல்லது. விழவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனுக்கு போன் பண்ணுங்க.

நம்ம பண்டிகையும் மழையும்

பனியிலும் மழையிலும் வெளியே மாட்டுவதற்கென்றே தனியாகத் தயாரித்த விளக்குகள் உலகம் முழுக்க விற்கின்றன. நம் ஊரில் தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் மூன்றும் சொல்லிவைத்ததுபோல வடகிழக்குப் பருவமழை நாள்களில் வருகின்றன. ஆனால் நாம் வாங்கி வருவதோ ஹாலுக்குள் மாட்ட வேண்டிய செட். அதைக் கொண்டுபோய் இரும்பு கிரில்லிலும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் கட்டுகிறோம்.

வெளியே மாட்டப்போகிறீர்கள் என்றால் அட்டைப்பெட்டியில் 'ஐபி' என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கிறதா என்று தேடுங்க. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை, வீட்டுக்குள் மட்டும்தான். ஐபி 44 தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். கூரை இருக்கிற பால்கனிக்கு இது போதும். திறந்த மாடிக்கு ஐபி 65 எடுப்பது நல்லது. ஐபி என்றே எதுவும் போடவில்லையா? வீட்டுக்குள்ளேயே மாட்டுங்க, தர்க்கமே வேண்டாம்.

ஆனால் பல்பு எவ்வளவு ஐபி-யாக இருந்தாலும் பிளக்குக்கும் அடாப்டருக்கும் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது. அவை வீட்டுக்குள்தான் இருக்கணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை பால்கனித் தரையில் வைத்து, மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கவருக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கும் என்பதை மறந்துவிடுகிறோம். இன்னொன்று, வெளியிலிருந்து ஜன்னல் வழியாக வரும் வயர் பிளக் பாயின்டைத் தொடும் முன்பு, ஒரு சாண் அளவுக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறும்படி விடுங்க. வயர் வழியே வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டி விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது. செலவே இல்லாத வேலை.

கிரில்? இரும்பில் 230 வோல்ட் செட்டை நேராகச் சுற்றாதீங்க. அவ்வளவுதான். கட்டியே ஆகணும் என்றால் அடுத்து சொல்லப்போகிற வகைக்கு மாறிடுங்க.

கடையில் என்ன கேட்கணும்?

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அடாப்டர் வைத்த செட். போன் சார்ஜர் மாதிரியே இருக்கும் ஒரு டப்பா 230 வோல்ட்டை வாங்கி 5, 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்துத் தரும். அதற்குப் பிறகு வயர் எங்கே நசுங்கினாலும், கிரில்லைத் தொட்டாலும், குழந்தை தொட்டால் கடிக்காது. விலை கொஞ்சம் கூடத்தான்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. கவனமா பாருங்க. சில செட்டுகளிலும், மீட்டர் கணக்கில் விற்கும் ரோப் லைட்டுகளிலும் பிளக் குண்டாக, அடாப்டர் போலவே இருக்கும். கடைக்காரரும் "அடாப்டர் வெச்சதுதான்" என்பார். உள்ளே இருப்பது ஏ.சி-யை டி.சி-யாக மாற்றும் நான்கு டையோடு மட்டும். வோல்ட் குறையவே குறையாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, டப்பாவின் மேல் 'அவுட்புட்' என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிப்பது. 12 அல்லது 24 என்று இருந்தால் சரி. 220 என்றோ 230 என்றோ இருந்தால் அது அடாப்டர் இல்லை. எதுவுமே அச்சிடவில்லையா? திருப்பிக் கொடுத்துடுங்க.

அடுத்து பி.ஐ.எஸ் பதிவு. எல்.இ.டி அலங்கார சரங்களும் அடாப்டர்களும் இந்தியாவில் பி.ஐ.எஸ்-ஸின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் வருபவை. பதிவான பொருளில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துக்குப் பிறகு எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். 'பி.ஐ.எஸ் கேர்' என்ற ஆப்பை போனில் இறக்கி அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்காக அதை வாங்கியது என்று வந்துவிடும். கடை வாசலில் நின்றபடியே ஒரு நிமிஷத்தில் பார்க்கலாம். பாரிமுனையில் ஒரு கடையில் நான் இதைச் செய்தபோது, அட்டைப்பெட்டியில் இருந்த எண் வேறு ஏதோ பொருளுடையது என்று காட்டியது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வந்தார். சண்டை எல்லாம் வரவில்லை. கேட்டால் கிடைக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

பிளக்கே இல்லாமல் வெறும் வயர் முனையோடு விற்கிற செட்டுகளும் உண்டு. அதைப் பிளக் பாயின்டில் சொருகி தீக்குச்சியை முட்டுக்கொடுக்கும் கலையை நானும் சின்ன வயசில் பார்த்து வளர்ந்தவள்தான். அது லூஸானால் பொறி பறக்கும், பக்கத்தில் திரைச்சீலை இருந்தால் கேட்கவே வேண்டாம். பத்து இருபது ரூபாய் பிளக்கில் மிச்சம் பிடிக்காதீங்க.

கரன்ட் பில் எவ்வளவு எகிறும்?

பயப்படத் தேவையில்லாத விஷயம் இதுதான். 100 பல்பு கொண்ட பழைய இழை பல்பு செட் 40 வாட் வரை இழுக்கும். அதே 100 பல்பு எல்.இ.டி-யில் சுமார் 5 வாட். தினமும் ஆறு மணி நேரம், ஒரு மாதம் முழுக்க, மூன்று செட் எரியவிட்டால் எல்.இ.டி-க்கு ஆவது 2.7 யூனிட். பழைய பல்பு என்றால் 21.6 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி-யை சுமார் இரண்டு மணி நேரம் ஓட்டுகிற கரன்ட்டில் உங்கள் எல்.இ.டி அலங்காரம் ஒரு மாதத்துக்கும் ஓடிவிடும். ஏ.சி போட்டுக்கொண்டே "அந்த லைட்டை அணை, பில்லு வருது" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்க.

ஆனால் ஸ்டிரிப் லைட் வேறு ஜாதி. '5050' என்று சொல்லப்படும் பெரிய சிப், மீட்டருக்கு 60 இருக்கிற ஸ்டிரிப், மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும். ஐந்து மீட்டர் சுருள் என்றால் 72 வாட். ஒரு சீலிங் ஃபேன் அளவு. மாதக் கணக்கு 13 யூனிட்டுக்கு வந்துவிடும். பட்டாசு மாதிரி பிரகாசம் வேண்டாம், மெல்லிய வெளிச்சம் போதும் என்பவர்கள் வாட் குறைந்த ஸ்டிரிப் கேட்டு வாங்கலாம்.

ஸ்டிரிப் ஒட்டப்போறீங்களா?

கொலுப்படி ஓரம், டிவி பின்னாடி, கட்டிலுக்கு அடியில் என்று இப்போது ஸ்டிரிப் இல்லாத ரீல்ஸே இல்லை. பெரும்பாலும் 12 வோல்ட்டில் வேலை செய்வதால் ஷாக் பயம் குறைவு. ஆனால் அடாப்டர் விஷயத்தில் கோட்டைவிடுவார்கள். 12 வோல்ட்டில் 72 வாட் என்றால் 6 ஆம்ப். வீட்டில் சும்மா கிடக்கும் 2 ஆம்ப் மோடம் அடாப்டரை மாட்டினால் ஸ்டிரிப் எரியும், கூடவே அடாப்டரும் கொதிக்கும். தேவையான ஆம்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கிற அடாப்டர் வாங்குங்க.

வெட்டும் இடம் ஸ்டிரிப்பிலேயே கத்தரிக்கோல் படத்தோடு குறித்திருக்கும். 12 வோல்ட் ஒற்றை நிற ஸ்டிரிப்பில் வழக்கமாக மூன்று எல்.இ.டி-க்கு ஒருமுறை. கோடு தவறி வெட்டினால் அந்த மூன்றும் காலி. ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே பக்கமிருந்து கரன்ட் கொடுத்தால் கடைசிப் பகுதி மங்கலாக எரியும், வெள்ளை நிறம் லேசாகப் பழுப்பாகவும் தெரியும். இரண்டு முனையிலிருந்தும் கொடுத்தால் சரியாகிவிடும்.

எல்.இ.டி சூடாகாது என்பது பாதி உண்மைதான். வாங்கி வந்ததும் சுருளைப் பிரிக்காமலேயே "எரியுதான்னு பார்ப்போம்" என்று மாட்டி, அப்படியே டீ குடிக்கப் போய்விடாதீங்க. சுருண்ட நிலையில் 72 வாட் சூடும் ஒரே இடத்தில் அடைபட்டு, பசை உருகி, ஸ்டிரிப்பே வளைந்துவிடும். சில விநாடி பார்த்துவிட்டு அணைத்துவிடணும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: ஸ்டிரிப்பின் பின்னால் இருக்கும் பசை, சுவர் பெயின்ட்டோடுதான் பிரிந்து வரும். அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். நான் பிடிபட்டிருக்கிறேன். மரம், கண்ணாடி, அலுமினியம் மேல் ஒட்டுங்க. சுவரில்தான் வேண்டும் என்றால் மெல்லிய ரீப்பர் கட்டையில் ஸ்டிரிப்பை ஒட்டி, அந்தக் கட்டையைச் சாய்த்து வைத்துவிடலாம். இன்னொரு சின்ன தந்திரம், பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது, சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அழகு. கொலுப்படியில் படியின் மேல் ஒட்டாமல் நெற்றிக்கு உட்புறம் ஒட்டிப் பாருங்க. பொம்மைகளின் முகம் தெரியும், புள்ளிகள் தெரியாது.

வெள்ளை ஸ்டிரிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு சிப்பும் மஞ்சளாக இருக்கிறதே, கவனிச்சிருக்கீங்களா? உள்ளே இருப்பது நீல எல்.இ.டி. அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் ஒரு பூச்சு. இரண்டும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. பிரகாசமான நீல எல்.இ.டி-யைச் செய்ய முடியாமல் விஞ்ஞானிகள் பல வருஷம் திணறினார்கள். அதைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. உங்கள் டிவி பின்னாடி ஒட்டியிருப்பது சாதாரண சமாச்சாரம் இல்லை.

அந்த வெள்ளையிலும் வகை இருக்கிறது. 2700 முதல் 3000 கெல்வின் என்றால் வார்ம் ஒயிட், அகல் விளக்குக்குப் பக்கத்தில் உறுத்தாத மஞ்சள் வெள்ளை. 6500 கெல்வின் கூல் ஒயிட், ஆஸ்பத்திரி வராண்டா வெளிச்சம். வீட்டு அலங்காரத்துக்கு என் ஓட்டு எப்போதும் வார்முக்குத்தான்.

குடிலும் ஸ்டாரும் அகலும்

கிறிஸ்துமஸ் குடில் வைப்பவர்களுக்கு எல்.இ.டி ஒரு வரம் என்றே சொல்லலாம். வைக்கோல், பஞ்சு, காகிதம், தென்னை ஓலை எல்லாமே தீயை அழைக்கிற பொருள்கள். அதற்குள் முன்பு இழை பல்பைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது செம்புக் கம்பியில் கடுகு கடுகாக எல்.இ.டி கோத்த ஃபேரி லைட் வந்துவிட்டது. 5 வோல்ட் யூ.எஸ்.பி அல்லது பேட்டரியில் ஓடுவது. குடிலுக்குள், செடித் தொட்டியில், கண்ணாடி ஜாடிக்குள் என்று வளைத்து நெளித்து எங்கே வேண்டுமானாலும் விடலாம்.

யூ.எஸ்.பி செட்டை ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டினால் எரிந்துபோகுமா என்று நிறைய பேருக்கு டவுட். போகாது. எதிரில் இருக்கிற கருவி கேட்டால்தான் ஃபாஸ்ட் சார்ஜர் வோல்ட்டை ஏற்றும். ஃபேரி லைட்டுக்குக் கேட்கத் தெரியாது, அதனால் 5 வோல்ட்டிலேயே நிற்கும். பவர் பேங்கில் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறதா? லைட் கெட்டுப்போகவில்லை. அது இழுக்கும் கரன்ட் ரொம்பக் குறைவு என்பதால், எதுவுமே மாட்டவில்லை என்று நினைத்து பவர் பேங்க் தூங்கிவிடுகிறது.

வாசலில் தொங்கும் காகித ஸ்டாருக்குள் இன்னும் 40, 60 வாட் இழை பல்பு போடுபவர்கள் இருக்கிறார்கள். 5 வாட் எல்.இ.டி பல்பு தாராளமாகப் போதும், காகிதமும் கருகாது. ஆனால் அங்கேயும் ஹோல்டர் 230 வோல்ட்தான். மழைத்தண்ணீர் வயர் வழியே ஹோல்டருக்குள் இறங்காதபடி சன்ஷேடுக்கு அடியில், காற்றில் ஆடி கிரில்லில் மோதாத இடமாகப் பார்த்துக் கட்டுங்க.

கார்த்திகைக்கு அகலும் சீரியல் செட்டும் ஒரே திண்ணையில் இருக்கும்போது இடைவெளி விட மறக்காதீங்க. வயரின் மேலுறை பிளாஸ்டிக். அகல் சுடர் பட்டால் உருகி செம்பு வெளியே வந்துவிடும். ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். ஊதுபத்தி ஸ்டாண்டுக்கும் இதே விதிதான்.

தண்ணீர் ஊற்றினால் எரிகிற பிளாஸ்டிக் அகல் இப்போது எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறது. மந்திரம் எல்லாம் இல்லை. இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே தண்ணீர் பட்டதும் சுற்று முழுமையாகி உள்ளே இருக்கும் பேட்டரி வேலை செய்கிறது. ஷாக் அடிக்காது. ஆனால் இதிலும், மெழுகுவத்தி மாதிரி எரியும் எல்.இ.டி-களிலும் பெரும்பாலும் இருப்பது பட்டன் பேட்டரி. வீட்டில் தவழ்கிற, வாயில் போடுகிற வயசுக் குழந்தை இருந்தால் அதன் மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் கொடுத்து வெளியே வருமா என்று காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

போட்டோ ஏன் சொதப்புது?

கண்ணுக்கு அழகாக இருக்கிற அலங்காரம், வீடியோவில் கறுப்புக் கறுப்புப் பட்டையாக ஓடும். நம் கரன்ட் விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி வருவது. மலிவான செட்டுகளில் அதைச் சீராக்கும் பாகம் இருக்காது, அதனால் எல்.இ.டி விநாடிக்கு 50 அல்லது 100 முறை அணைந்து அணைந்து எரிகிறது. கண் ஏமாறுகிறது, கேமரா ஏமாறுவதில்லை. கேமரா செட்டிங்ஸில் 'ஆன்டி ஃப்ளிக்கர்' இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வையுங்க. ப்ரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/50-ல் நிறுத்துங்க, பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். கடையிலேயே போன் கேமராவை பல்புக்குக் கிட்டே பிடித்துப் பார்த்து, பட்டை அதிகம் ஓடாத செட்டைத் தேர்ந்தெடுப்பது இன்னும் உத்தமம். கண்ணுக்கும் நல்லது.

போட்டோ எடுக்கும்போது செட்டை ஆடாத மோடில் வையுங்க. எட்டு மோடு செட்டில் வழக்கமாகக் கடைசி அழுத்தலில்தான் அது வரும். ஃப்ளாஷ் வேண்டாம். திரையில் பல்பு மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் வெள்ளைக் குழம்பாகத் தெரிந்த பல்புகள் நிறத்தோடு தெரிய ஆரம்பிக்கும். ஆளை லைட்டிலிருந்து நாலைந்து அடி முன்னால் நிறுத்தி எடுத்தால், பின்னால் வட்ட வட்டமாகப் பூ விழும்.

கழட்டி வைக்கும்போது

மாட்டும்போது இருக்கிற உற்சாகம் கழட்டும்போது இருக்காது. பொங்கல் முடிந்து, சுண்டி இழுத்து, சுருட்டி, கேரிபேக்கில் அடைத்து, பரணில் எறிவோம். அங்கேதான் அடுத்த வருஷத்து ஷாக் தயாராகிறது. இழுத்த இழுப்பில் பல்பு காலில் வயர் பாதி பிய்ந்திருக்கும். மீதியைப் பரணில் எலி பார்த்துக்கொள்ளும். முதலில் ஸ்விட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்குங்க. வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் வயரில் கரன்ட் இருக்கும். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, அதில் நூல்கண்டு மாதிரி சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வையுங்க. பேட்டரி செட் என்றால் பேட்டரியைக் கழட்டிவிட்டு வையுங்க, இல்லாவிட்டால் அது கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

அடுத்த வருஷம் எடுத்ததும் மாட்டுவதற்கு முன்பாக, கரன்ட் இல்லாத நிலையில், இரண்டு விரலால் தலை முதல் வால் வரை வயரை உருவிப் பாருங்க. கீறல், நசுங்கல், வெளியே தெரியும் செம்பு, உடைந்த பல்பு என்று எது இருந்தாலும் செட்டைத் தூக்கி வைத்துவிடுங்க. இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றலாம்தான். ஆனால் மழையில் டேப் பசை விட்டுப்போனால் யார் பார்ப்பது?

அப்படியும் யாருக்காவது ஷாக் அடித்து, கை ஒட்டிக்கொண்டு நின்றால், பதறிப்போய் ஆளைப் பிடித்து இழுக்காதீங்க. மெயினை அணைங்க. மெயின் தூரமாக இருந்தால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரிலிருந்து பிரித்துவிட்டு 108-க்கு அழைங்க. எழுந்து சாதாரணமாக நடந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடணும். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் வெளியே தெரியாது. எங்கள் வீட்டுப் பையனுக்கு அன்று ராத்திரியே ஈ.சி.ஜி எடுத்தோம். ஒன்றும் இல்லை. ஐஸ்க்ரீம் வாங்கிக்கொடுத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தான்.

இப்போது எங்கள் பால்கனியில் இருப்பது 24 வோல்ட் அடாப்டர் வைத்த வார்ம் ஒயிட் சரம். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி-யும் வந்துவிட்டது. மாசா மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் பட்டனை அழுத்துவது அப்பாவின் வேலை. வாஷிங் மெஷின் ஓடும்போது அழுத்தி அம்மாவிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த 120 ரூபாய் செட்டை இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுத்தேன். பிளக்கை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன், யாராவது எரிகிறதா என்று மாட்டிப் பார்த்துவிடக் கூடாதில்லையா?